நாற்பதுக்கு எட்டு

அலுவிகாரை,
மாத்தளை.
05.03.2006

விளம்பரம் போட்ட ஐயா அவர்களுக்கு,

அலுவிகாரையில இருந்து செல்லச்சாமி அழகம்மா எழுதுறேன். நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இருந்தாலும் நீங்களும் வீட்டுல உள்ளவங்களும் சுகமா இருக்கணும்.

உங்க விளம்பரம் கருவாடு சுத்தி வந்த பேப்பர்ல இருந்துச்சு. "கடைக்குப் போங்கள், பொருள் வாங்குங்கள், பணம் பெறுங்கள்"னு போட்டிருந்தீங்க. பேப்பரு ஜனவரி மாசத்தது. வேலை இன்னும் இருக்கோ இல்லையோ. விலாசத்து மேல எண்ணெய் பட்டு, வீட்டு நம்பர் 8ஆ 3ஆன்னு தெரியல. அதனால ரெண்டு நம்பருக்கும் ஒவ்வொரு கடிதம் போடுறேன். இது தப்பான வீடா இருந்தா மன்னிச்சு, கிழிச்சுப் போட்டுருங்க.

என் வயசு அறுபத்து மூணு. படிச்சது அஞ்சாம் வகுப்பு வரைக்கும். அஞ்சு வருசமும் நான்தான் முதலாம் பிள்ளை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அதுக்கு மேல வகுப்பு இல்லாததால நிறுத்துனாங்களே தவிர, எனக்குப் படிப்பு ஏறாம இல்ல. என் பேத்தி இப்ப அஞ்சாம் வகுப்பு. அவளும் முதலாம் பிள்ளை. அந்த மூளை எங்க பக்கத்துல இருந்து போனது. மருமக ஒத்துக்கமாட்டா.

வாசனைச் சரக்கு ஸ்டோர்ல முப்பத்தோரு வருசம் தரம் பிரிச்சேன். கராம்பு, மிளகு, சாதிக்காய், ஏலம் எல்லாம் என் கையால போனது. ஒரு நாளும் என் மூட்டை திரும்பி வந்ததில்ல. சிங்களம் நல்லாப் பேசுவேன், வாசிக்கத்தான் வராது.

ஒரே ஒரு சந்தேகம். கடைக்குப் போறதுக்கு எதுக்குக் காசு தர்றீங்க? எங்க மருமக தினமும்தான் போறா, யாரும் சல்லிக்காசு கொடுக்கல.

எங்க வீட்டுக்காரர் போய் ரெண்டு வருசம் ஆகுது. மகன் நல்லாத்தான் பார்க்கிறான். ஆனா கையில நம்ம காசுன்னு நாலு நோட்டு இருந்தா, நிமிந்து உக்காந்து சோறு திங்கலாம்.

இப்படிக்கு,
செ. அழகம்மா


கொழும்பு 06.
17.03.2006

மதிப்புக்குரிய அழகம்மா அவர்களுக்கு,

தங்கள் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. எங்கள் இலக்கம் 8. மூன்றாம் இலக்கத்தில் இருக்கும் பல் வைத்தியர் தன் கையாலேயே கடிதத்தைக் கொண்டுவந்து தந்து, "இந்த அம்மாவுக்குக் கட்டாயம் வேலை கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆகவே வேலை தருகிறோம்.

வேலை இதுதான். 'சந்திரமல் சுப்பர்' என்ற கடைக்காரர்களுக்குத் தங்கள் கிளைகளில் வாடிக்கையாளரை எப்படி நடத்துகிறார்கள் என்று தெரிய வேண்டும். நீங்கள் சாதாரண ஆளாகப் போய், பொருள் வாங்கி, நடந்ததை எழுதி அனுப்ப வேண்டும். இதற்கு ‘இரகசிய வாடிக்கையாளர்’ என்று பெயர். ஒரு கிளைக்கு இருநூறு ரூபாய். ஐம்பது ரூபாய்க்குள் ஒரு குளியல் சவுக்காரம் வாங்கலாம், பில்லைக் காட்டினால் அந்தக் காசையும் பஸ் காசையும் தருவோம். பில் இல்லாவிட்டால் எதுவும் இல்லை.

கடைக்குள் பன்னிரண்டு நிமிடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டும். நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், ஊழியர்களின் சட்டையில் உள்ள பெயர், வாசல் காவலாளி, பின்கதவு மூடியிருக்கிறதா என்பன குறிக்கப்பட வேண்டும். படிவம் சிங்களத்தில் உள்ளது. எட்டுக் கேள்விகளையும் என் கையால் தமிழில் எழுதி இணைத்திருக்கிறேன். ஒவ்வோர் ஊழியருக்கும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பிடுங்கள். படிவத்தை மஞ்சள் உறையில் ஒட்டி அனுப்புங்கள். அது நேரே கணினிப் பிரிவுக்குப் போகும், நான் பார்ப்பதில்லை. பில்களை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.

முக்கியமானது: நீங்கள் யார் என்று எவரிடமும் சொல்லக் கூடாது. குடும்பத்தாரிடமும்தான். சொன்னால் வேலை போய்விடும்.

தரம் பிரித்தலில் தங்களுக்கு இருக்கும் அனுபவம் எமக்குப் பெரிதும் உதவும்.

இங்ஙனம்,
ஏ. எம். ஸக்கரியா
தமிழ்ப் பிரிவு


அலுவிகாரை,
09.05.2006

ஸக்கரியா தம்பிக்கு,

நல்லா இருக்கீங்களா? பல் டாக்டர் ஐயாவுக்கு என் நன்றியைச் சொல்லுங்க. எனக்கு இப்ப பல்லு நாலுதான் இருக்கு, இல்லாட்டி அவருகிட்டயே காட்டுவேன்.

மாத்தளைக் கடைக்கு நேத்துப் போனேன். வீட்டுல கோயிலுக்குப் போறதாச் சொன்னேன். நல்ல சேலை, கைப்பை, செருப்பு எல்லாம் போட்டேன். மருமக என் கால்ல இருந்து தலை வரைக்கும் பார்த்துட்டு, "என்ன அத்தை, சாமி கலியாணமா?"ன்னு கேட்டா. சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேனேன்னு வாயைத் தொறக்கல.

தம்பி, இந்தப் பன்னிரண்டு நிமிசம் இருக்கே, அதுதான் இந்த வேலையில கஷ்டம். சவுக்காரம் எடுக்க ஒரு நிமிசம், காசு கொடுக்க ரெண்டு நிமிசம். மிச்ச ஒம்பது நிமிசம் என்ன பண்றது? ஷாம்பூ போத்தல் எல்லாத்தையும் வாசிச்சேன். நாய்க்குச் சாப்பாடுன்னு ஒரு தகர டின் வச்சிருக்காங்க, வெலையைப் பார்த்துட்டு ரெண்டு நிமிசம் அப்படியே நின்னுட்டேன். அந்த ரெண்டு நிமிசம் சுலபமாப் போச்சு.

அங்க ஒரு பையன். சட்டையில 'மாரி'ன்னு போட்டிருக்கான். மாரிமுத்துவா இருக்கும். சவுக்காரம் எங்கன்னு தமிழ்ல கேட்டேன். தமிழ் தெரியாதவன் மாதிரி என் தலைக்கு மேல பார்த்துட்டு, "ஹலோ, அந்தப் பக்கம்"னு சிங்களத்துல சொல்லிக் கையை வீசுனான். கொஞ்ச நேரத்துல நெல்லிரசப் போத்தல் ஒன்னு அவன் கால்ல விழுந்துச்சு. "ஐயோ அம்மா, செத்தேன்டா!"ன்னு சுத்தத் தமிழ்ல கத்துனான். அதையும் எழுதியிருக்கேன்.

இன்னொரு பிள்ளை, புஷ்பவதின்னு பேரு. ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டமாம். விடிய முதல் பஸ்ல வருதாம். எனக்கு முன்னால நின்ன முஸ்லிம் அம்மாவ "உம்மா"ன்னு கூப்பிட்டுச்சு, பின்னால வந்த சிங்களப் பொம்பளைய "அம்மே"ன்னு கூப்பிட்டுச்சு, எனக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டுச்சு. நான் எடுத்த சவுக்காரத்தைப் பார்த்துட்டு, "அம்மா, இதே வாசத்துல அந்தப் பக்கம் ஆறு ரூபா குறைவா இருக்கு, அதை எடுங்க"ன்னு சொல்லிச்சு. இந்த மாதிரி ஒரு பிள்ளைய நான் எந்தக் கடையிலயும் பார்க்கல.

மதிப்பு போட எனக்கு ஒரு நிமிசம் கூட ஆகல. கராம்பு பார்த்த கண்ணு தம்பி. கையில எடுத்தவுடனே தெரியும்.

பில்லை இத்தோட சோறு வச்சு ஒட்டியிருக்கேன்.

அன்புடன்,
அழகம்மா


கொழும்பு 06.
30.05.2006

அன்புள்ள அழகம்மா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் சத்தமாக வாசித்தோம். நாய் டின் வந்த இடத்தில் கணக்காளரும் எழுந்து வந்துவிட்டார்.

பில்களைச் சோற்றால் ஒட்ட வேண்டாம். வழியில் எறும்பு வந்திருக்கிறது. சவுக்காரத்தின் விலை எழுதிய இடத்தை அது தின்றுவிட்டதால், முப்பத்தெட்டு ரூபாயை வாங்கித் தர நான் மூன்று கையெழுத்து வாங்க வேண்டியதாயிற்று. பணம் நாற்பத்தைந்து நாளில் மணி ஓடராக வரும். நாற்பத்தைந்து என்று எழுதுவது வழக்கம். நீங்கள் எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கணினிப் பிரிவில் உங்களைப் புகழ்கிறார்கள். மற்றவர்கள் எல்லாருக்கும் மூன்று, மூன்று என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்களாம். நீங்கள் ஒருவர்தான் துணிந்து இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போடுகிறீர்கள் என்று கடைக்காரர்களே சொன்னார்களாம். தம்புள்ளை, உக்குவளைக் கிளைகளையும் உங்களுக்கே தருகிறோம்.

அன்புடன்,
ஸக்கரியா


அலுவிகாரை,
14.08.2006

ஸக்கரியா தம்பிக்கு,

காசு வந்துச்சு. எழுபத்தோரு நாள். நீங்க சொன்ன வாக்கு தப்பல, ஒரு நாள்தான் கூட. பேத்திக்கு வண்ணப் பென்சில் பெட்டி வாங்கிக் கொடுத்தேன். "ஏது அப்பாயி காசு?"ன்னு கேட்டா. சீட்டுக் காசுன்னேன். பச்சைப்பிள்ளைகிட்டப் பொய் சொல்ல வைக்கிறீங்க, அதுக்கும் ஒரு அஞ்சு ரூபா சேர்த்துத் தரலாம்.

தம்புள்ளையும் உக்குவளையும் முடிஞ்சுது. தம்புள்ளைக்குப் போகவர ஒரு நாள் சாயுது. வழியில ரெண்டு தடவை இறக்கிப் பையைப் பார்க்குறாங்க. பசிச்சா சாப்பிடுற காசு உங்க கணக்குல இல்ல. வீட்டுல சவுக்காரம் சேர்ந்துபோச்சு. அத்தைக்கு என்னமோ ஆயிருச்சு, கோயிலுக்குப் போயிட்டு விபூதிக்குப் பதிலா சவுக்காரம் கொண்டுவர்றாங்கன்னு மருமக என் மகன்கிட்ட அழுதிருக்கா. அவன் என்னை டாக்டர்கிட்டக் கூட்டிப் போகப் பார்க்கிறான்.

இப்ப நேத்து நடந்ததைக் கேளுங்க. மாத்தளைக் கடைக்கு ரெண்டாவது தடவை போனேன். குண்டுப் பயம், நிலைமை தெரியும்தானே, இப்ப வாசல்லயே பையைத் தொறந்து பார்க்குறாங்க. போகும்போது ஒன்னும் இல்ல. வரும்போது செக்கியூரிட்டி என் கொப்பியை எடுத்துட்டான். அதுல நான் எழுதியிருந்தது: "10.42 உள்ளே. வாசலில் ஒருத்தர். 10.47 பின்கதவு திறந்திருக்கு, யாரும் இல்லை." அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வாசிக்கத் தெரியும் போல. மூஞ்சி வெளுத்துப்போச்சு. ஓடிப்போய் ரோட்டுல நின்ன ஆமிக்காரனைக் கூட்டிட்டு வந்துட்டான்.

தம்பி, ஒரு வார்த்தை சொன்னா விட்டுருவாங்க, ஆனா சத்தியம் பண்ணியிருக்கேன். ஆமிக்காரன் சின்னப் பையன், என் மகனை விடச் சின்னவன். "அம்மே, இது யாருக்கு எழுதுறீங்க?"ன்னு கேட்டான். எங்க இருந்துதான் வந்துச்சோ, வாயில வந்துருச்சு: "பொண்ணு பார்க்க வந்தேன் மகனே. அந்தப் பிள்ளை புஷ்பவதியைச் சொந்தக்காரப் பையனுக்குப் பார்க்கிறோம். எத்தனை மணிக்கு வருது, யாரோட பேசுது, பின்கதவுப் பக்கம் யாராச்சும் வந்து நிக்குறாங்களா, எல்லாம் தெரியாம எப்படிக் கேக்குறது?"

அவன் கொப்பியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சுட்டான். அவன் அம்மாவும் மருமகளைப் பார்க்க ஒரு மாசம் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தாங்களாம். செக்கியூரிட்டியைப் பார்த்து, "இது பாதுகாப்புப் பிரச்சினை இல்ல, மாமியார் பிரச்சினை"ன்னான். எனக்கு ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்புனான்.

அந்தப் பிள்ளை வழக்கம் போல நல்லா நடந்துச்சு. மாரியும் வழக்கம் போலத்தான். மதிப்பையும் வழக்கம் போலத்தான் போட்டேன்.

அன்புடன்,
அழகம்மா


கொழும்பு 06.
28.08.2006

அன்புள்ள அழகம்மா அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பாதி வரை பயந்தும் மீதியைச் சிரித்தும் வாசித்தேன். இனிமேல் கடைக்குள் கொப்பி வேண்டாம். நேரத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து எழுதுங்கள். பின்கதவு பற்றிய கேள்வியை இந்தக் காலத்தில் எடுத்துவிடுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது ஆனால் நான் அந்தப் பல் வைத்தியருக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு சந்தோஷச் செய்தி. சந்திரமல் கடைக்காரர்கள் உங்கள் அறிக்கைகளை வைத்தே இந்த வருடத்துச் சிறந்த ஊழியர்களைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். ஐந்தாம் வகுப்புப் படித்த ஒரு அம்மாவின் பேச்சைக் கொழும்பில் தலைமை அலுவலகமே கேட்கிறது. நீங்கள் பெருமைப்படலாம்.

அன்புடன்,
ஸக்கரியா


அலுவிகாரை,
19.09.2006

ஸக்கரியா தம்பிக்கு,

சுகம் விசாரிக்க இன்னைக்கு மனசு இல்ல.

நேத்து பஸ் ஸ்டாண்டுல அந்தப் பிள்ளை புஷ்பவதி என்னைக் கண்டு ஓடி வந்துச்சு. கண்ணு ரெண்டும் வீங்கியிருக்கு. என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அம்மா, மாப்பிள்ளை வீட்டுல சொல்லிடாதீங்க"ன்னு அழுவுது. எனக்கு ஒன்னும் விளங்கல. எந்த மாப்பிள்ளைன்னு கேக்கப் போனேன், அதுக்குள்ள ஞாபகம் வந்துருச்சு. செக்கியூரிட்டி போய் அதுகிட்டச் சொல்லியிருக்கான், உன்னைப் பொண்ணு பார்க்குறாங்கன்னு. பாவம், அது நம்பிக்கிட்டு இருந்திருக்கு.

அதைக் கவுண்டர்ல இருந்து எடுத்துட்டாங்களாம். பின்னால ஸ்டோர்ல உருளைக்கிழங்கு பொறுக்க விட்டிருக்காங்களாம். இந்த மாசம் முப்பதாம் தேதியோட வேலையும் இல்லையாம். கொழும்புல இருந்து வந்த ரிப்போர்ட்ல நாற்பதுக்கு எட்டு மார்க்காம், ரெண்டு தடவையும். "யாரோ ஒரு புண்ணியவதி என்னைப் பார்த்துட்டு எழுதியிருக்காம்மா, அவுங்களுக்கு நான் என்ன செஞ்சேன்னே தெரியல"ன்னு சொல்லிச்சு. தோட்டத்துல அம்மாவுக்கு நெஞ்சு வலியாம், இந்தச் சம்பளத்துலதான் மருந்தாம்.

அந்த மாரியோட போட்டோவைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கவுண்டருக்கு மேல மாட்டியிருக்காங்க. மாலை போடாததுதான் மிச்சம்.

தம்பி, உங்க கம்பியூட்டர்ல ஆள் மாறிப்போச்சு. எட்டுக் கேள்விக்கும் அந்தப் பிள்ளைக்கு நான் ஒன்னு போட்டேன். தயங்காம ஒன்னு, ஒன்னு, ஒன்னுன்னு எட்டு ஒன்னு. மாரிக்கு எட்டு அஞ்சு. அதுக்குக் கீழ நம்பர் இருந்திருந்தா அதைப் போட்டிருப்பேன். பின்பக்கத்துலயும் தமிழ்ல விவரமா எழுதியிருக்கேன். யாரும் வாசிக்கலையா? உடனே பாருங்க. முப்பதாம் தேதிக்குப் பதினொரு நாள்தான் இருக்கு.

அழகம்மா


கொழும்பு 06.
23.09.2006

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். ஆள் மாறவில்லை. அம்மா, இந்தப் படிவத்தில் ஒன்று என்றால் மிக மோசம். ஐந்து என்றால் மிக நன்று.

பிழை என்னுடையது. எட்டுக் கேள்விகளையும் தமிழில் எழுதித் தந்தேன், எந்தப் பக்கம் நல்லது, எந்தப் பக்கம் கெட்டது என்ற வரியை எழுத மறந்தேன். எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். நீங்கள் தமிழில் எழுதிய பின்பக்கத்தை இங்கு எவரும் மொழிபெயர்க்கவில்லை. அதற்குக் காசு ஒதுக்கப்படவில்லையாம். இலக்கங்களை மட்டும் தட்டியிருக்கிறார்கள்.

மற்றக் கிளைகளின் படிவங்களையும் எடுத்துப் பார்த்தேன். உக்குவளையில் தூங்கிக்கொண்டிருந்ததாக நீங்கள் பின்பக்கத்தில் எழுதிய காவலாளிக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறார்கள். தம்புள்ளையில் மிச்சக் காசைச் சுண்டிப்போட்ட பெண்ணுக்குக் கைக்கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

நான் வெட்கத்தோடு ஒன்று கேட்கிறேன். இதை இப்போது வெளியே சொன்னால் உங்கள் வேலையும் போகும், என் வேலையும் போகும். அடுத்த சுற்று நவம்பரில். அப்போது சரியாகப் போட்டால் கணக்கு மெல்ல மெல்ல நேராகிவிடும். எனக்கு மூன்று பிள்ளைகள், அம்மா. கோபிக்காதீர்கள்.

ஸக்கரியா


அலுவிகாரை,
30.09.2006

ஸக்கரியா தம்பிக்கு,

உங்க கடிதத்தைப் பார்த்துட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல. உங்க மேல கோபம் இல்ல. அறுபத்து மூணு வருசத்துல எனக்குத் தெரிஞ்ச ஒன்னு எல்லாம் நல்ல ஒன்னுதான். பள்ளிக்கூடத்துல ஒன்னுன்னா முதலாம் பிள்ளை. ஸ்டோர்ல ஒன்னாம் நம்பர் கராம்பு கப்பலுக்குப் போகும், அஞ்சாம் நம்பரைக் கூட்டிக் கொட்டுவோம். உங்க ஊர்ல மட்டும் அதைத் தலைகீழா மாத்தி வச்சிருக்கீங்க. அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். நானும் ஒரு வரி கேட்டிருக்கலாம். முதலாம் பிள்ளைங்கிற பெருமையில கேக்கல.

நவம்பர் வரைக்கும் காத்திருந்தா அந்தப் பிள்ளை எங்க இருக்கும்? என் மூட்டை திரும்பி வந்ததில்லைன்னு உங்களுக்கு எழுதியிருந்தேன். இப்ப வந்துருச்சு. நான்தான் தூக்கணும்.

இன்னைக்குக் காலையில 9.06க்கு மாத்தளைக் கடைக்குப் போனேன். சவுக்காரம் எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு நேரே மெனேஜர் மாத்தயாகிட்டப் போனேன். அவர் பையைப் பார்த்துட்டு, "அம்மே, வித்த சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம்"னார். "திருப்பிக் கொடுக்க வரல மாத்தயா. நான்தான் உங்க கொழும்புக் கம்பனி அனுப்புன இரகசிய ஆள்"னேன்.

கடையே சிரிச்சுச்சு. செக்கியூரிட்டி ஓடி வந்து, "மாத்தயா, இவங்க பொண்ணு பார்க்குற அம்மா, கொஞ்சம் இப்படித்தான்"னு தலையைச் சுத்திக் காட்டுனான். மாரி கவுண்டர்ல இருந்து, "டவுன் பஸ் அந்தப் பக்கம்"னு சிங்களத்துல சொன்னான். அவன் தலைக்கு மேல அவன் போட்டோவும் சிரிக்குது.

நான் ஸ்டூல்ல உக்காந்தேன். "உங்க மேசையில ரிப்போர்ட் இருக்கா? ஆகஸ்ட் மாசம், உள்ள வந்த நேரம் 10.42, வெளிய போன நேரம் 10.55, சவுக்காரம் நாற்பத்தொரு ரூபா. மே மாசம் நெல்லிரசப் போத்தல் ஒன்னு உடைஞ்சுது"ன்னேன். மெனேஜர் மாத்தயா மேசை லாச்சியத் தொறந்து ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தார். அப்புறம் கடையில யாரும் சிரிக்கல.

"அப்படின்னா எதுக்கு அம்மே அந்தப் பிள்ளைக்கு எட்டு மார்க் போட்டீங்க?"ன்னு கேட்டார். ஒன்னுன்னா முதலாவதுன்னு சொன்னேன். அவருக்கு விளங்கல. ரிப்போர்ட்டோட என் படிவத்து போட்டோ கொப்பியும் இருந்துச்சு, அதோட பின்பக்கத்தைத் திருப்பச் சொன்னேன். என் கையெழுத்து, ரெண்டு பக்கம், தமிழ்ல. மாரியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவன் என்ன சொன்னான் தெரியுமா? "சேர், எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது." அதனால ஸ்டோர்ல இருந்து புஷ்பவதியை வரச் சொன்னாங்க. கை முழுக்க உருளைக்கிழங்கு மண்ணு. கையைத் தொடச்சுட்டு வாசிச்சு, சிங்களத்துல சொல்ல ஆரம்பிச்சுச்சு.

முதல்ல தன்னைப் பத்தி நான் எழுதுனதை வாசிச்சுச்சு. "மூணு பாசையிலயும் அம்மான்னு கூப்பிடுற பிள்ளை. கடைக்கு ஆறு ரூபா நட்டமானாலும் கிழவிக்கு ஆறு ரூபா மிச்சம் பண்ணுது. இந்த மாதிரி சரக்கு முப்பத்தோரு வருசத்துல எனக்கு ஒரு கைப்பிடி கூடக் கிடைக்கல." அங்க நிறுத்திட்டு அழுதுச்சு.

அப்புறம் மாரி பத்தினது வந்துச்சு. அதை அந்தப் பிள்ளை, "இந்த அண்ணனுக்கு அன்னைக்கு வேலை அதிகம் போல"ன்னு சிங்களத்துல சொல்லுது! நான் எழுதுனது அப்படியில்லையே தம்பி. "இவன் வாயிலயும் காலிலயும் வேற வேற பாசை இருக்கு, போத்தல் விழுந்தாத்தான் சொந்தப் பாசை வரும்"னு எழுதியிருந்தேன். நான் எழும்பி, "ஏய் பிள்ளை, எழுதுனதை எழுதுன மாதிரி சொல்லு"ன்னேன். "வேணாம் அம்மா, அவங்களுக்கும் வீட்டுல ஆள் இருக்கு"ன்னு தமிழ்ல மெதுவாச் சொல்லிச்சு. மாரி தலையைக் குனிஞ்சுட்டான். தமிழ் தெரியாதவன் எதுக்குக் குனியணும்? மெனேஜர் மாத்தயா அதையும் பார்த்தார்.

9.40க்கு அந்தப் பிள்ளை கவுண்டர்ல உக்காந்துச்சு. போட்டோவை இறக்கிட்டாங்க. மாரியை வேலையில இருந்து நிறுத்தல, ஸ்டோருக்கு அனுப்பியிருக்காங்க. உருளைக்கிழங்கு அவன்கிட்டத் தமிழும் பேசாது சிங்களமும் பேசாது, நிம்மதியா இருப்பான்.

வெளிய வரும்போது புஷ்பவதி பின்னாலயே வந்துச்சு. "அம்மா, அப்ப அந்த மாப்பிள்ளை?"ன்னு கேட்டுச்சு. தம்பி, ஆமிக்காரனுக்கு முன்னால கூட நான் அப்படி முழிக்கல.

உங்க பேரை நான் எங்கயும் சொல்லல. பிழை என்னோடதுன்னுதான் சொன்னேன். உங்க மூணு பிள்ளைகளும் நல்லா இருக்கணும்.

அழகம்மா


கொழும்பு 06.
20.10.2006

திருமதி செ. அழகம்மா அவர்களுக்கு,

தாங்கள் தங்கள் அடையாளத்தைப் பகிரங்கமாக வெளிப்படுத்தியதால், உடன்படிக்கையின் நான்காம் பந்தியின்படி 30.09.2006 முதல் தங்கள் சேவை முடிவுறுத்தப்படுகிறது. நிலுவைத் தொகை மணி ஓடராக அனுப்பப்படும்.

ஏ. எம். ஸக்கரியா

அம்மா, மேலே உள்ளது தட்டச்சில் அடித்தது, அவர்கள் சொல்லச் சொல்ல அடித்தேன். இது என் கை.

நீங்கள் என் பெயரைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தை வாசித்த அன்றே நான் மேலே போய்ச் சொல்லிவிட்டேன். வேலை போகவில்லை. தமிழ்ப் பிரிவிலிருந்து எடுத்து, பிஸ்கட் ருசி பார்க்கும் பிரிவில் போட்டிருக்கிறார்கள். எனக்குச் சீனி வியாதி. தினமும் இருபத்திரண்டு பிஸ்கட்.

படிவத்தின் மேலே இப்போது மூன்று மொழியிலும் அச்சடித்திருக்கிறார்கள்: ஒன்று, மிக மோசம். ஐந்து, மிக நன்று. பின்பக்கத்தை மொழிபெயர்க்க ஒரு பெண்ணையும் எடுத்திருக்கிறார்கள். உக்குவளைக் காவலாளி விழித்துக்கொண்டார் என்று கேள்வி.

பழைய படிவம் ஒன்றில் உங்கள் பெயரை எழுதி, எட்டுக் கேள்விக்கும் நானே மதிப்பிட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். எட்டும் ஒன்று. உங்கள் கணக்குப்படி வாசியுங்கள். பின்பக்கத்தில் பல் வைத்தியரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என்றும் அன்புடன்,
ஸக்கரியா


அலுவிகாரை,
05.11.2006

ஸக்கரியா தம்பிக்கு,

உங்க கடிதம் வெள்ளிக்கிழமை 11.20க்கு வந்துச்சு. தபால்காரர் மணி அடிச்சார், சிரிச்ச முகம், கையில நல்ல முறையாக் கொடுத்தார். பழக்கம் போகல, மன்னிச்சுக்கங்க.

வீட்டுல எல்லாத்தையும் சொல்லிட்டேன். மகன் இப்ப தான் ஓட்டுற திரீவீல் ஆட்டோவுல ஏறுறவங்க எல்லார்கிட்டயும் "எங்கம்மா கொழும்புக் கம்பனியில இரகசிய ஆளா இருந்தவங்க"ன்னு சொல்லிட்டுத் திரியிறான். மருமக சவுக்காரத்தை எண்ணிப் பார்த்தா, நாலு. இனி பொங்கல் வரைக்கும் வாங்கத் தேவையில்லையாம். அன்னைக்குச் சோத்துல எனக்கு ஒரு கருவாடு கூட வச்சா.

கணக்குப் பார்த்தேன். நீங்க கொடுத்ததுல நான் வழியில தின்ன வடை, தேத்தண்ணி, பேத்திக்குப் பென்சில் எல்லாம் போக எனக்கு மிச்சம் முப்பத்து மூணு ரூபா. ஆனாலும் நிமிந்து உக்காந்துதான் சோறு திங்கிறேன்.

நீங்க அனுப்புன மார்க்கைப் பேத்தி சுவர்ல ஒட்டியிருக்கா. சந்தோசம். உங்களுக்கும் நான் மார்க் போட்டேன். ரெண்டு. கோபிக்காதீங்க. ஒன்னை அந்தப் பிள்ளைக்குக் கொடுத்துட்டேன், ஒரு வகுப்புல ஒரு முதலாம் பிள்ளைதான். சீனி இல்லாத பிஸ்கட் இருக்கான்னு கேட்டுப் பாருங்க.

அந்தப் பிள்ளைக்கு ஒரு பதில் சொல்லணுமே. ரத்தோட்டையில ஒரு இரும்புக் கடையில நாகமுத்துன்னு ஒரு பையன் இருக்கானாம், தெரிஞ்சவங்க சொன்னாங்க. குடிக்கிறதில்லையாம், அம்மாவை நல்லாப் பார்க்கிறானாம். அப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க. நாளைக்கு முதல் பஸ்ல போறேன். ஒரு ஆணிப் பாக்கெட் வாங்கப் போறேன், பன்னிரண்டு நிமிசம் நிப்பேன். கொப்பி எடுத்துட்டுப் போகல.

யாருகிட்டயும் சொல்லிடாதீங்க.

அன்புடன்,
அழகம்மா